“நீங்க சும்மா உட்காருங்க அத்தை!”

விடிகாலை ஐந்தரை மணிக்கே எங்கள் போடிநாயக்கனூர்த் தெருக்களில் ஜீப் ஹாரன் கேட்க ஆரம்பித்துவிடும். கையில் சாப்பாட்டுத் தூக்கு, தலையில் துண்டு, சேலைக்கு மேலே ஒரு பழைய ஆம்பிளைச் சட்டை... இந்தக் கோலத்தில் பெண்கள் ஏறி, நெருக்கியடித்து உட்காருவார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்களுக்குப் பிரிந்து போவார்கள். பொழுது சாய அதே வழியில் இறங்கி வருவார்கள்.

அந்த ஜீப்பில் இளவட்டங்கள் மட்டும் போகவில்லை. ஐம்பது, அறுபது கடந்தவர்களும் போகிறார்கள். பிறகு ஒரு நாள் மகனோ மகளோ, “போதும்மா, இனிமே மலைக்குப் போக வேணாம்” என்று சொல்வார்கள். மறுநாளிலிருந்து ஜீப் அந்த வீட்டு வாசலில் நிற்காது. “அப்பாடா, அந்தம்மாவுக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு” என்று தெருவே சந்தோஷப்படும்.

அந்த நாளுக்குப் பிறகு அவர்களுடைய கால்களுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். ஏலத்தோட்டத்தைக் கண்ணால் பார்த்திராத வாசகிகளும் மேலே படிக்கலாம். களை எடுத்த பாட்டிக்கும், ரிட்டயரான டீச்சரம்மாவுக்கும் இதே கதைதான்.

எங்கள் தெருவில் இரண்டு பெரியம்மாக்கள் இருக்கிறார்கள். சொந்தம் இல்லை, கூப்பிடுகிற முறைதான். இருவரும் ஒன்றாக முப்பது வருஷத்துக்கு மேல் காய் எடுத்தவர்கள். ஒரே வருஷத்தில் நின்றார்கள். முதலாமவருக்கு அப்போது 62 வயது. மகன்கள் திருப்பூரில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். வீட்டை எடுத்துக் கட்டி, கட்டில் மெத்தை, சுவர் அகலத்துக்கு டி.வி. எல்லாம் வந்தாயிற்று. மருமகள் தங்கமான பெண். மாமியார் குடத்தைத் தொட்டால் ஓடி வந்து வாங்கிக்கொள்வாள். விளக்குமாற்றை எடுத்தால் பிடுங்கிக்கொள்வாள். “நீங்க சும்மா உட்காருங்க அத்தை, நாங்க எதுக்கு இருக்கோம்?” என்பாள்.

மூன்றாம் வருஷம் அந்தப் பெரியம்மா கட்டிலை விட்டு எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. அப்புறம் கக்கூசில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கதவைத் தாழ் போடாமல் விட்டு, மருமகள் வெளியே காத்து நிற்பாள். மழையிலும் அட்டைக்கடியிலும் சரிவில் நின்று வேலை பார்த்த மனுஷி! “யாரு கையையும் எதிர்பாக்காமப் போய்ச் சேர்ந்திரணும்னு நெனச்சேன் தாயி. இப்ப கக்கூசுக்கே ஆளு வேணும்னு ஆயிருச்சு” என்று என்னிடம் சொல்லி அழுதார்.

இரண்டாமவர் நாலு வயது மூத்தவர். முழங்கால் வலியும் இவருக்குத்தான் அதிகம். “ஆத்தாடி” என்று சொல்லாமல் உட்காரவே மாட்டார். வீட்டில் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் கொஞ்சம் கீரைக்கட்டு வாங்கி, நாலு தெரு சுற்றி விற்றுவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்புவார். பெரிய லாபம் எதுவும் கிடையாது. ஆனால் இன்றைக்கும் தரையில் உட்கார்ந்து தானாக எழுகிறார். பரமசிவன் மலைக்கோயிலுக்கு நின்று நின்றாவது ஏறிவிடுகிறார்.

இரண்டு பேரை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும், இன்னொருவருக்கு வேறு வியாதி இருக்கும். ஆனாலும் டாக்டர்கள் ஆராய்ந்து சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது.

கால் பலம் பேங்கில் போட்ட பணமா?

“ஆயுசு பூரா நடந்தாச்சு. இன்னும் என்ன நடை?” என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் கேள்வி. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கால் சதை சேமிப்புக் கணக்கு மாதிரி இல்லையே! முப்பது வருஷம் நடந்ததை வைத்துக்கொண்டு மீதி நாளைக்குச் செலவழிக்க முடியாது. அன்றன்றைக்கு உழைத்தால் அன்றன்றைக்கு இருக்கும்.

2007இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் ஓர் ஆய்வு வந்தது. நல்ல ஆரோக்கியமாக இருந்த, சராசரி 67 வயதுள்ள ஒரு சிறு குழுவை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாகச் சதை கரைந்துவிட்டது! “காய்ச்சல்னு ஒரு வாரம் படுத்தாக, அதோட நடை போச்சு” என்று நாம் எத்தனை பாட்டிகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம்! அதற்குக் காரணம் இதுதான். சின்ன வயதில் இப்படிப் போன சதை சீக்கிரம் திரும்பிவிடும். வயதானவர்களுக்குத் திரும்ப நாளாகும். சும்மா இருந்தால் திரும்பவே திரும்பாது.

இதைப் படித்து மனசு சோர்ந்துவிட வேண்டாம். அதே பத்திரிகையில் 1990இல் வந்த இன்னொரு ஆய்வைக் கேளுங்கள். பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு, எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டார். முடித்த ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயதில்! நம் வீட்டு 65 வயதுக்காரரை நாம் “வயசாயிருச்சு” என்று உட்கார வைக்கிறோம்.

ஏலத்தோட்ட வேலையை நான் பெருமை பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் காய்ப்பதோ அடியில், தூரிலிருந்து தரையோடு தரையாக ஓடும் சரத்தில். அதனால் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். பழுக்கப் போகிற காயாகப் பார்த்து எடுத்துவிட்டு, மாதம் ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். ஈரம், சரிவு, மருந்து வாடை, போகவர ஆளை அடைத்த ஜீப்... இடுப்பும் முழங்காலும் அங்கேதான் தேய்கின்றன. அந்த வேலையை விட்டு ஓய்வு எடுப்பது அவர்கள் சம்பாதித்த உரிமை. உழைப்பிலிருந்து ஓய்வு வேண்டும்தான். அதற்காக அசைவிலிருந்தே ஓய்வு கொடுத்துவிடுகிறோமே, அதுதான் வம்பு.

மலையை விட்டு இறங்கிய சில பேர் ஊருக்குள்ளேயே ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலைக்குப் போவது உண்டு. முறத்தை வைத்துக்கொண்டு, காலை மடக்கிப் பொழுதுக்கும் ஒரே இருப்பு. வேலைக்குப் போகிறோம் என்ற திருப்தி இருக்கும். காலுக்கு ஒன்றும் கிடைக்காது. இவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, தண்ணீர்ப் பானை வரைக்குமாவது நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நல்லது.

“எங்கிட்டுப் போறீக?”

என் மாமியாருக்கு 71 வயது. பிளட் பிரஷருக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், “தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா” என்று சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் செருப்பைத் தொடவே இல்லை. கேட்டேன்.

“போறவ வாறவ எல்லாம் ‘என்னக்கா, எங்கிட்டுப் போறீக?’ன்னு கேக்குறா. ‘சும்மா நடக்கேன்’னு சொல்ல வெக்கமா இருக்கு. கிறுக்குப் பிடிச்சவ மாதிரி தெருமுனை வரைக்கும் போறதும் வாறதுமா?”

எனக்குச் சிரிப்பு வந்தாலும், அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. நம் ஊர்ப் பெரிய மனுஷிகள் வாழ்நாளில் ஒரு தடவைகூட ‘நடப்பதற்காக’ நடந்தது கிடையாது. தண்ணீருக்கு, விறகுக்கு, கூலிக்கு, கோயிலுக்கு, துஷ்டி வீட்டுக்கு என்று நடந்தார்கள். கால் எப்போதும் காரியத்தின் பின்னால்தான் போனது. காரியத்தைப் பறித்துக்கொண்டு ‘நட’ என்றால் எப்படி நடப்பார்கள்?

ஆண்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை பாருங்கள். எழுபது வயது தாத்தா டீக்கடைக்குப் போவார், பேப்பர் படிப்பார், அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவார். யாரும் எதற்கென்று கேட்பதில்லை. பொம்பளைக்கு வீட்டை விட்டு இறங்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அறுபது தாண்டியும் அந்தச் சட்டம் மாறவில்லை!

2010 டிசம்பர் கடைசியோடு நின்றுபோன எங்கள் ஊர் ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15ஆம் தேதி திரும்ப வந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து! அந்த மாதம் முழுக்க என் மாமியாரும் பக்கத்து வீட்டு மதினியும் ரயில் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். போக வர எப்படியும் முக்கால் மணி நேரம். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை கிடையாது. “எங்கிட்டுப் போறீக?” என்று கேட்டால், “ரயில் பாக்க” என்று தலை நிமிர்ந்து பதில் சொல்லலாமே! டாக்டர் சொல்லி நடக்காத கால் ரயில் சொல்லி நடந்தது.

குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன் வரைக்கும் இன்றைக்கும் நடைபாதைதான். தேர்தல் சமயத்தில் ஓட்டுப் பெட்டியே குதிரை மேல் போகிற ஊர்கள் போடி மலையில் உண்டு. அங்கே வயதானவர்கள் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தாக வேண்டும். ரோடு இல்லாததை நான் நல்லது என்று சொல்லவே மாட்டேன். பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித் தூக்குகிற கொடுமை மலைவாசிகளுக்குத்தான் தெரியும். ஆனால் அங்கே யாரும் யாரையும் “வாக்கிங் போங்க” என்று கெஞ்ச வேண்டியது இல்லை.

நம் தேனி மாவட்டத்திலேயே சித்ரா பௌர்ணமி அன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியங்குடி வழியாக 6 கிலோமீட்டருக்கு மேல் மலை ஏறிப் போகிறவர்களில் எத்தனை பாட்டிமார்! வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நடை திறக்கும். வேண்டுதல் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு அன்றைக்கு மட்டும் திடீரென்று ஏறக் கூடாது. பங்குனி பிறந்ததுமே தினம் கொஞ்சம் நடந்து பழக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

ஆகையால் வீட்டுப் பெரியவர்களுக்கு நடையைச் சொல்லாதீர்கள், காரியத்தைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது காலையில் பால் வாங்குவது மாமியார் பொறுப்பு. பாக்கெட்டை வீட்டுக்கே கொண்டுவந்து போட ஆள் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சாயங்காலம் பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருவதும் அவர்தான். (பையை அவன் தூக்க வேண்டும், அது ஒப்பந்தம்!) செவ்வாய், வெள்ளி கோயில். இதற்கு என் வீட்டுக்காரர் முதலில் கோபித்துக்கொண்டார். “அம்மாவை வேலை வாங்குறியா? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?” என்றார். பார்க்கிறவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். “மருமக பால் வாங்கக்கூட அந்தக் கிழவிய அனுப்புறா” என்று என் காதுபடவே பேச்சு வந்தது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். மாமியாரே அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டார். அதை இங்கே அச்சில் போட முடியாது!

துணை இருந்தால் இன்னும் விசேஷம். தனியாக நடக்கக் கூச்சப்படுகிறவர்கள் இரண்டு பேராகப் போனால் பேச்சு வழி தெரியாமல் இழுத்துக்கொண்டு போய்விடும். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஏற்படுத்தி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் என் அபிப்பிராயத்தில், நம் அப்பத்தாக்களுக்கு எட்டு கிலோமீட்டர் பாதையைவிட எட்டாவது வீட்டு அக்காதான் உபயோகம்.

வாசலிலேயே நிற்கும் முட்டுக்கட்டைகள்

காரியமும் துணையும் இருந்தும் சிலர் வெளியே இறங்க மாட்டார்கள். சோம்பல் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வேறு காரணம் வரும்.

பெண்கள் வாய் திறந்து சொல்லாத காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பிள்ளை பெற்றவர்களுக்கு இருமினால், தும்மினால், வேகமாக நடந்தால் சிறுநீர் கசியும். “சேலை நனைஞ்சிரும்” என்ற பயத்தில் வெளியே போவதையே நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லாமல் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவர்கள் வேறு. இது வெட்கப்பட வேண்டிய விஷயமும் இல்லை, வயதானால் தாங்கிக்கொள்ள வேண்டிய விதியும் இல்லை. அமெரிக்க டாக்டர் கெகல் 1948இல் எழுதிய பயிற்சி இன்றைக்கும் டாக்டர்கள் சொல்வதுதான். சிறுநீரை அடக்குவது போல் கீழ்த்தசையை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை விட வேண்டும். ஒரு நடைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று நடை. மூச்சை அடக்கக் கூடாது. உட்கார்ந்துகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பிள்ளை பெற்ற இளம் தாய்மார்களும் இப்போதே ஆரம்பித்துவிடலாம். கர்ப்பப்பை இறங்கியிருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது கண். கண்புரை விழுந்தவருக்கு வாசற்படி எது, நிழல் எது என்று தெரியாது. கால் வைக்கப் பயந்து உட்கார்ந்துவிடுவார். இங்கிலாந்தில் 70 வயது கடந்த பெண்களிடம் செய்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடாமல் சீக்கிரம் செய்துகொண்டவர்கள் கீழே விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலேயே கிளை இருக்கிறது. “இந்த வயசுல எதுக்குக் கண்ணு” என்கிற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். கண் தெரிந்தால்தான் கால் நகரும்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பேரன் போட்டுத் தேய்ந்த ரப்பர் செருப்பு, மகள் விட்டுப்போன ஹவாய், இதுதான் நம் வீட்டுப் பாட்டிகளின் காலில்! குதிகால் வெளியே தொங்கும், ஈரத்தில் வழுக்கும். பின்னால் வார் உள்ளதாக, அளவு பார்த்து, அடிப்பக்கம் வரி வரியாகப் பிடிப்பு உள்ளதாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்று இருக்கும், அதுதான் நல்லது. தினம் ராத்திரி உள்ளங்காலில் புண், கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டும். எழுந்து, கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு அப்புறம் நிற்கலாம். அடிக்கடி கிறுகிறுப்பு வந்தால் மாத்திரை அளவை டாக்டர் பார்க்க வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

முழங்கால் வலிக்கு நடக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். தேய்மான வலி உள்ளவர்களுக்கு நடையும் தொடைத் தசைப் பயிற்சியும் மருந்து என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். தொடைச் சதை பலமாக இருந்தால் மூட்டின் மேல் விழும் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். முதலில் பத்து நிமிஷம் நடக்கலாம். நடந்தபின் கொஞ்சம் வலித்து, மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தால், அல்லது வலி நாளுக்கு நாள் ஏறினால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும்.

கடைசி முட்டுக்கட்டை நம் பிள்ளைகள்! “விழுந்து கிழுந்து வைக்காதீங்கம்மா, பேசாம வீட்ல இருங்க” என்று திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் போன் வருகிறது. பாசம்தான். ஆனால் பயந்து உட்கார்ந்தவர்களுக்குக் கால் பலம் குறைகிறது. பலம் குறைந்தவர்கள்தான் கீழே விழுகிறார்கள்.

அடுப்படியே போதும்

எவ்வளவு அசைய வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு: 65 வயது கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான வேகத்தில் அசைய வேண்டும். அதாவது அரை மணி வீதம் ஐந்து நாள். மூன்று தடவை பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொண்டாலும் சரிதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். இதோடு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். நடை மட்டும் போதாது. எழுந்து நிற்கும் பலம் தனியாக வேண்டும்.

நியூஸிலாந்தில் ஒடாகோ என்ற இடத்து டாக்டர்கள் இதற்காகவே வீட்டில் செய்யும் பயிற்சிகளை வகுத்தார்கள். அதைச் செய்த முதியவர்கள் கீழே விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அந்தப் பயிற்சிகளின் சாயலில், என் மாமியார் அடுப்படியில் செய்வதைச் சொல்கிறேன். சுவரில் முட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாகத் திரும்ப உட்கார வேண்டும். ஐந்து தடவையில் ஆரம்பித்துப் பத்தாக்கலாம். ‘தொப்’பென்று உட்காரக் கூடாது, உட்காரும் மெதுவில்தான் தொடைக்கு வேலை. அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குவது, பத்துத் தடவை. அப்புறம் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் பத்து எண்ணும் வரை நிற்பது. பிறகு மறு கால். கடைசியாக, மேடை ஓரமாகவே ஒரு காலின் குதியை மறு காலின் விரலோடு சேர்த்து வைத்து, அடி அளப்பது போல நடப்பது. குக்கர் மூன்று விசில் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல் சில நாள் பக்கத்தில் ஆள் நிற்பது நல்லது.

நெஞ்சில் இறுக்கமோ, மூச்சு வாங்கலோ, தலைசுற்றலோ வந்தால் அந்த நிமிஷமே உட்கார்ந்துவிட வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள் தாமாகத் தொடங்காமல் ஃபிஸியோதெரபிஸ்டிடம் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பதோடு ஃபிஸியோதெரபியும் சேர்த்திருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

சதை வளரச் சோறு மட்டும் போதாது. காலையில் டீயும் பன்னும், மத்தியானம் ரசஞ்சாதம், ராத்திரி பால் சாதம் என்று இறக்கிவிடுகிறார்களே, இதில் புரதம் எங்கே இருக்கிறது? எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 50 கிலோ எடை உள்ள பாட்டிக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே முட்டை, சுண்டல், பருப்பு, தயிர், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துப் போட வேண்டும். பல் இல்லாதவர்களுக்குச் சுண்டலை நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொல்லும் அளவு.

விழுந்தால் எழுவது எப்படி?

இவ்வளவு செய்தும் என்றாவது விழலாம். எழத் தெரியும் என்று மனசுக்குத் தைரியம் இருந்தால்தான் வெளியே கால் வைக்கத் தோன்றும். அதனால் இதையும் பழக்கிவிடுங்கள். விழுந்தவுடன் துள்ளி எழக் கூடாது. அப்படியே கிடந்து, கை காலை அசைத்துப் பார்க்க வேண்டும். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் திரும்பிக்கொண்டு குட்டையாகத் தெரிந்தாலோ, தலையில் அடிபட்டு மயக்கம் வந்தாலோ அசைக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். வலி இல்லை என்றால், ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி எழும்பி, குழந்தை தவழுவது போல் நாலு காலில் வர வேண்டும். அப்படியே கட்டில் அல்லது நாற்காலி வரைக்கும் தவழ்ந்து போய், இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி, பலமான காலை முன்னால் வைத்து எழுந்து, மெதுவாகத் திரும்பி உட்கார வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் நடக்கலாம்.

பாயை விரித்து, ஆள் துணையோடு இதை ஒத்திகை பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தவழும்போது கீழே ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம். என் மாமியார் முதல் நாள் கட்டிலைப் பிடித்து எழ நாலு நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது வாரம் ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துவிட்டார். முதலில் சொன்னேனே, அந்தப் பெரியம்மாவின் மருமகள் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “எங்க அத்தைக்கும் சொல்லித் தாறீகளா மதினி?” என்று கேட்டாள். நாற்காலிப் பயிற்சியிலிருந்து தொடங்கியிருக்கிறோம். முதல் நாள் இரண்டு கையும் ஊன்றித்தான் எழுந்தார். இப்போது ஒரு கையை எடுத்துவிட்டார்.